நீலம் பூசிய கையுறை

கொழும்பு விமான நிலையத்தில் முத்திரை குத்துகிற அதிகாரி என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழைய விளையாட்டுச் சாமான்களின் கண்காட்சி பார்க்க என்றேன். எங்கே என்றார். மன்னாரில் என்றதும் என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற கொழும்புத் தமிழ்ப் பெண்மணி அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "இந்த வயசில பந்து விளையாட வந்திருக்கிறாவாம்."

எனக்கு அறுபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் ஊதிப் பழகிய வாய். ஓய்வு பெற்ற பிறகும் அது ஓயவில்லை. கல்லூரியில் சாஃப்ட்பால் விளையாடினேன். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்குகிற கேட்சர் வேலை எனக்கு. அந்தப் பைத்தியம்தான் பிறகு கையுறை சேர்க்கிற பைத்தியமாக மாறியது. விக்கெட் கீப்பர், கோல் கீப்பர், குத்துச்சண்டைக்காரர் என்று யார் யாரோ போட்டுக் கழித்த அறுபத்திரண்டு கையுறைகள் எங்கள் வீட்டில் இரண்டு கண்ணாடி பீரோக்களில் இருக்கின்றன. "வீட்டில் இருக்கிற கை நாலு" என்பார் என் வீட்டுக்காரர்.

மன்னாருக்கு இழுத்தது ஒரு போட்டோ. நான் இருக்கிற சாஃப்ட்பால் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள். மன்னார்த் தீவில் ஒரு மீனவக் கிராமத்து விளையாட்டுக் கழகம் பொன்விழா கொண்டாடுகிறது, அதற்காகச் சுற்று வட்டாரத்துப் பழைய பந்து, மட்டை, சப்பாத்து என்று அவர்கள் சொல்கிற ஷூ எல்லாவற்றையும் சேர்த்துக் கண்காட்சி வைக்கிறார்கள், இந்த ஒற்றைக் கையுறை எதற்கு என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார் கழகத்தின் செயலாளர். பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அது பேஸ்பால் கேட்சரின் கையுறை. விரல்களுக்குத் தனித்தனி அறை கிடையாது. சுற்றிலும் தடித்த விளிம்பு, நடுவே ஒரு பள்ளம், அவ்வளவுதான். அமெரிக்காவில் செய்தது, என்னைவிட மூத்தது. என்னிடம் இருக்கிற ஒரே கேட்சர் கையுறை ஜலந்தரில் செய்தது. கல்லூரியை விட்டு வரும்போது திருப்பிக் கொடுக்க மறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நல்லெண்ணத்தோடு மட்டும் புறப்படவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்று இறக்கிய எட்டு கால்பந்து, ஒரு பம்ப், புது கோல் கீப்பர் கையுறை மூன்று ஜோடி. இத்தனையையும் ஒரு பச்சைப் பையில் அடைத்துக்கொண்டு, பதிலுக்கு அந்த ஒற்றைக் கையுறையை வாங்கி வந்துவிடுவது என்று திட்டம்.

முதல் நாள் அந்தப் பச்சைப் பை தொலைந்தது. வழியில் மதவாச்சியில் பேருந்து நின்றபோது ஒரு சிப்பாய் தன் பை என்று நினைத்து என் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவருடையதும் பச்சை. மன்னாரில் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் நடத்துநரிடம் கத்தினேன். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் சுத்தமாகக் கிடையாது. ஆனால் கத்துவது எல்லோருக்கும் புரிகிற பாஷை. அவர் நிதானமாக யார் யாருக்கோ போன் போட்டார். பிறகு விரலால் இரண்டு என்று காட்டினார். இரண்டு மணி நேரம் என்று அர்த்தம்.

பேருந்து நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மீன் ரோலும் பால் இல்லாத இஞ்சித் தேநீரும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பால் இல்லாத தேநீரைக் கொடுத்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைப்போம். இங்கே அதுதான் வழக்கம். இரண்டாவது டம்ளரில் எனக்கும் பிடித்துவிட்டது. கழுதைகள் வந்து பேருந்து நிலையத்து நிழலில் வரிசையாக நின்றன. எங்கள் ஊரில் மாடு நிற்கிற இடத்தில் இங்கே கழுதை நிற்கிறது. யாரும் விரட்டவில்லை.

அடுத்த பேருந்தில் பை வந்து சேர்ந்தது. திறந்து எண்ணினேன். பந்து எட்டும் இருந்தன, பம்பும் இருந்தது. ஆனால் ஒரு பந்தில் மட்டும் காற்று நிரப்பப்பட்டு, ஓரமெல்லாம் செம்மண் ஒட்டியிருந்தது. மதவாச்சியில் யாரோ அரை மணி நேரம் நன்றாக விளையாடியிருக்கிறார்கள். என் கோபம் அதோடு போயிற்று.

கழகச் செயலாளர் பெனடிக்ற் ஆட்டோவோடு வந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு காலத்தில் இடது புறத்தில் ஓடுகிற ஆட்டக்காரர், இப்போது வயிறு மட்டும் முன்னால் ஓடுகிறது. "ரீச்சர், நல்லாக் களைச்சுப் போனியள். வாங்கோ, வீட்ட போய்ச் சாப்பிட்டுக் கதைப்பம்" என்றார். டீச்சரை அங்கே ரீச்சர் என்கிறார்கள். நான்கு நாளில் எனக்கு அது சொந்தப் பெயராகவே ஆகிவிட்டது. அவருடைய ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால், இனி சொல்லப் போகிற விஷயத்துக்காக அந்த மனிதரை வெளியூர்க்காரர்களும் கேலி செய்வார்கள்.

பெனடிக்ற்றின் மனைவி புட்டும் நண்டுக் கறியும் வைத்தார். புட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் என்று வளர்ந்தவள் நான். தேங்காய்ப்பால் விட்ட காரக் குழம்பைப் புட்டின் மேல் ஊற்றியதும் சற்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "நாளைக்கு மண்டபத்தில வந்து பாருங்கோ" என்றார் பெனடிக்ற். "எல்லாச் சாமானையும் புதுசு போல வைச்சிருக்கிறம்." தூசி தட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை மாதா கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது வாசனைதான். பழைய தோலின் வாசனை எனக்குத் தெரியும், இது அது இல்லை. பெயின்ட்.

வெள்ளைத் துணி விரித்த நீள மேசைகளில் எல்லாம் பளபளவென்று இருந்தன. நாடா கட்டித் தைக்கிற பழைய தோல் பந்து ஒன்று, விடத்தல்தீவிலிருந்து வந்தது, அதற்கு வெள்ளி நிறம். கொண்டச்சியிலிருந்து வந்த சப்பாத்து ஜோடிக்குக் கறுப்பு எனாமல், கயிற்றுக்கும் சேர்த்து. கிரிக்கெட் கால் காப்புகள் சுவர் மாதிரி வெள்ளை. நடுவில், தனி மேசையில், செயற்கைப் பூமாலைக்குள் நான் தேடி வந்த கையுறை. உடம்பு முழுக்க வான நீலம். விளிம்பு வெள்ளை. பள்ளத்தில் மஞ்சள் எழுத்தில் கழகத்தின் பெயர், பக்கத்தில் பொன்விழா வாழ்த்து.

எனக்கு வாயில் விசில் இல்லாத குறை. "யார் இதைச் செஞ்சது?" என்று கேட்டேன். முப்பத்து நான்கு வருடம் மைதானத்தில் கேட்ட குரல், மண்டபத்துக்குள் வந்தால் எப்படி இருக்கும். மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"நான்தான் ரீச்சர்" என்றார் பெனடிக்ற். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பாராட்டு வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. "மூண்டு கோட் அடிச்சனான். வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற்தான். உப்புத்தண்ணிக்கே போகாது."

"பழைய சாமானைப் பழசா வைக்கிறதுதானே கண்காட்சி?"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "என்னெண்டு ரீச்சர் அப்பிடி வைக்கிறது? கோயில் பெருநாளுக்குச் சனம் வரும். மாதாவின்ர பீடத்துக்கும் புதுப் பெயின்ற், வள்ளங்களுக்கும் புதுப் பெயின்ற். எங்கட பழைய ஆக்கள் விளையாடின சாமானை மட்டும் ஊத்தையா வைச்சால், மதிக்கேல்லை எண்டெல்லோ சொல்லுவினம்?"

கதவு வழியாகக் கடற்கரை தெரிந்தது. வரிசையாக வள்ளங்கள், எல்லாவற்றுக்கும் புது வர்ணம், பெரும்பாலும் அதே நீலம். அவர் சொன்னது பொய்யில்லை. அங்கே பெருநாள் என்றால் வாளியும் பிரஷ்ஷும்தான் முதலில் வெளியே வரும். ஆனாலும் என் கோபம் இறங்கவில்லை. கடல் தாண்டி வந்து, நான் பார்க்க விரும்பியதன் மேல் மூன்று கோட் நீலத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் இறங்கும்.

ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் மட்டும் ஒரு தோல் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். முள்ளிக்குளத்துக்காரர். போரின்போது ஊரை விட்டு வெளியேறியபோது கையோடு கொண்டுவந்த பந்தாம். அது மண் நிறமாக, வெடித்து, அப்படியே இருந்தது. "இவர் வாளியோட வந்தவர். நான் குடுக்கேல்லை" என்றார், பெனடிக்ற்றைக் காட்டி. மண்டபத்தில் அவரும் நானும் மட்டும் ஒரே கட்சி.

அப்போதுதான் ஜெசிந்தா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, தலையில் ஈரத் துண்டு. கடற்கரையிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று மணமே சொன்னது. கையுறை அவருடையதுதான். கண்காட்சிக்கு என்று ஐந்து நாள் முன்பு, இன்று வரைக்கும்தான் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறார். பூமாலையை விலக்கி, நீலப் பள்ளத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். கையுறை அசையவில்லை. இரண்டு ஓரத்தையும் பிடித்து மடிக்கப் பார்த்தார். பலகை மாதிரி நின்றது.

அவர் கத்தவில்லை. "பெனடிக்ற் அண்ணை, இது எனக்கு நாளைக்கு விடிய வேணும்" என்று மட்டும் சொன்னார்.

நாளை விடிய எதற்கு என்று நான்தான் கேட்டேன். ஜெசிந்தா தன் இடது கையை நீட்டிக் காட்டினார். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. எப்போதோ ஒரு திருக்கை முள் ஏறியதாம். அவர் வேலை, கரைக்கு வருகிற வலைகளிலிருந்து நண்டு கழற்றுவது. நண்டை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, மறு கையால் வலைக் கண்ணை விலக்கி எடுக்க வேண்டும். கால் உடையக் கூடாது. உடைந்த நண்டைக் கொள்முதல்காரர் ஒதுக்கிவிடுவார். மடங்காத விரலோடு வெறுங்கையால் பிடித்தால் நண்டு கடிக்கும், அல்லது கால் உடையும். இந்தக் கையுறைக்கு விரலே வேண்டாம். நண்டின் மேல் கவிழ்த்து மூடினால் போதும்.

"அய்யா வள்ளம் ஓட்டினவர்" என்றார். அவருடைய அப்பாவைச் சொல்கிறார். "அமெரிக்காவில இருந்து ஒரு வாத்தியார் இஞ்ச படிப்பிக்க வந்தவராம். போகேக்க அய்யாவுக்குக் குடுத்திட்டுப் போனது. அய்யா இதைப் போட்டுக்கொண்டுதான் கயிறு இழுக்கிறவர். விரல் இப்பிடி ஆன பிறகு நான் எடுத்தனான். அஞ்சு நாளா இது இல்லாமல் நான் பாதி வலைதான் கழட்டுறன், ரீச்சர். நாளையில இருந்து முழுக்கக் கழட்டுறன் எண்டு சம்மாட்டியாருக்குச் சொல்லிப் போட்டன்." சம்மாட்டியார் என்பது வள்ளத்து முதலாளி.

நான் ஒரு சேகரிப்புக்காரியாக நின்றுகொண்டிருந்தேன். என் முன்னால் இன்னொருத்தி தன் இடது கையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்குப் பக்கத்திலேயே, இதைச் சரி செய்து கொடுத்தால் பிறகு கேட்க வசதியாக இருக்கும் என்ற எண்ணமும் வந்தது. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"நான் எடுத்துத் தர்றேன். ரெண்டு நாள் கொடுங்க" என்றேன்.

"அப்ப நாளைக்கும் பாதிதான்" என்றார் ஜெசிந்தா. சற்று யோசித்துவிட்டு, "ஓம், செய்யுங்கோ" என்றார்.

மண்டபத்துக்குப் பின்னால், கழகத்துக் கொட்டிலில் கடையைப் பரப்பினேன். பெனடிக்ற் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு டின் தின்னரும் கொண்டு வந்தார். இரண்டையும் திருப்பி அனுப்பினேன். அதைத் தொட்டால் பெயின்ட்டோடு தோலும் போய்விடும். மழுங்கலாக ஏதாவது வேண்டும் என்றேன். அவர் மனைவி தேங்காய்ச் சிரட்டையை உடைத்து, ஓரத்தைத் தரையில் தேய்த்துக் கொடுத்தார். அதைவிடப் பொருத்தமான கருவி எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

வெள்ளை விளிம்பில் ஆரம்பித்தேன். ஒரு அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சிரட்டையை வைத்துத் தள்ளியதும், வெள்ளை ஒரு தோல் மாதிரி மொத்தமாகக் கழன்று வந்தது. உள்ளே கறுத்த, மினுமினுப்பான தோல். என்னால் நம்ப முடியவில்லை. இன்னொரு இடத்தில் தள்ளினேன், அங்கேயும் அப்படியே. மூன்று கோட்டும் தோலைப் பிடிக்கவே இல்லை, மேலே போர்த்தியது போல இருந்திருக்கிறது.

சாயந்திரம் ஜெசிந்தா வந்தபோது காரணம் தெரிந்தது. "வருசா வருசம் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசேக்க மிஞ்சுறதை இதுக்கும் பூசுவன். அய்யா செய்தது, நானும் செய்யிறன்" என்றார். எண்ணெய் ஊறிய தோலில் எனாமல் எப்படி ஒட்டும். பெனடிக்ற் செய்த தவற்றை ஜெசிந்தாவின் எண்ணெய் முன்கூட்டியே தடுத்து வைத்திருந்தது. மண்டபத்து வாசனையில் அந்த எண்ணெய் நாற்றம் அமுங்கிப் போயிருந்தது. இப்போது பெயின்ட் போகப் போக அது எழும்பியது. என் சேலையில் இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள் பெருநாள் கூட்டம். கண்காட்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கொட்டிலில்தான் நின்றார்கள். பெயின்ட் அடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், உரிப்பதை யாரும் பார்த்ததில்லை. ஒரு பெண் மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "இந்தியாவில இருந்து இதுக்கெண்டே கூப்பிட்டவையாம்." நான் திருத்தவில்லை.

பெனடிக்ற் காலையிலேயே வந்து என் எதிரே உட்கார்ந்துவிட்டார். கண்காட்சிக்குத் தலைமை தாங்க வேண்டிய மனிதர், அங்கே போகாமல் சிரட்டைத் துண்டோடு நீலத்தை உரித்துக்கொண்டிருந்தார். தையல் ஓரங்களில் சிக்கியிருந்த பெயின்ட்டை நகத்தால் நோண்டி எடுத்தார். மத்தியானம் ஒடியல் கூழ் வந்தது. மீனும் நண்டும் இறாலும் பயிற்றங்காயும் போட்டுக் காய்ச்சிய கூழ். பனங்கிழங்கை அவித்து உப்பும் மிளகும் தொட்டுத் தின்பதோடு எங்கள் ஊரில் விட்டுவிடுகிறோம். இவர்கள் அதையே காய வைத்து மாவாக்கி இந்த அளவுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். குடித்து முடித்ததும் எனக்கு மனசு கொஞ்சம் இளகியது.

"ரீச்சர், உங்கட ஊரில பழைய சாமானை என்ன செய்வியள்?" என்று கேட்டார் பெனடிக்ற்.

"கண்ணாடி பீரோவில வெப்போம். தொடவே மாட்டோம்."

"ஒண்டும் பூசமாட்டியளோ?"

"ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வெப்போம். பள்ளிக்கூடத்தில விளையாட்டு ரூம் சாமான் எல்லாத்துக்கும் வெப்போம், வீட்டிலயும் வெப்பேன். அது வேற."

"ஓம்" என்றார் பெனடிக்ற். "அது வேற." சொல்லிவிட்டு மறுபடியும் நகத்தால் நோண்ட ஆரம்பித்தார்.

கடைசி வரை பிடிவாதமாக நின்றது தோல் நாடா மட்டும்தான். அது எண்ணெய் அதிகம் படாத இடம், நீலம் உள்ளே வரை இறங்கியிருந்தது. ஜெசிந்தா வந்து பார்த்தார், எல்லா நாடாவையும் வெட்டி எறிந்தார். இடுப்பிலிருந்து வலை முடிகிற நைலோன் நூலை எடுத்துப் பதினைந்து நிமிடத்தில் விளிம்பைத் திரும்பக் கட்டி முடித்தார். எந்தச் சேகரிப்புக்காரரும் அதைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நானும் பிடித்துக்கொண்டேன். ஆனால் முடிச்சுகள் அத்தனை அழகு, குறை சொல்ல முடியவில்லை.

நான்காம் நாள், விடிந்ததும் கையுறையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் வந்துவிட்டிருந்தன. வலைகள் குவியல் குவியலாகக் கிடக்க, ஒவ்வொன்றையும் சுற்றி நாலைந்து பேர். ஜெசிந்தா கையுறைக்குள் இடது கையை நுழைத்தார். இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. வலையை இழுத்தார், ஒரு நீலக்கால் நண்டின் மேல் கையுறையைக் கவிழ்த்தார், மூடினார், வலது கை நான்கு கண்ணை விலக்கியது, நண்டு முழுசாகக் கூடைக்குள் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நான் கேட்சராக இருந்தபோது பந்து உள்ளங்கையில் வந்து விழுகிற ஒரு சத்தம் உண்டு. ஒவ்வொரு தடவை அவர் கையுறையை மூடும்போதும் அதே சத்தம் சின்னதாகக் கேட்டது. மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன். கடல் காற்று என்று பெனடிக்ற் நினைத்திருப்பார்.

அழுதாலும் ஆசை போகவில்லை. நான் கொண்டுபோன புது கோல் கீப்பர் கையுறையை எடுத்து, "இதைப் போட்டும் நண்டு கழட்டலாமே" என்றேன். ஜெசிந்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே போட்டுப் பாருங்கோ" என்று வலையில் எனக்கு இடம் விட்டார். போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நண்டு என் பெருவிரலைப் பிடித்தது. ரப்பரும் நுரையும் சேர்ந்த அந்தக் கையுறை அதன் பிடிக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வலைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஜெசிந்தா தன் கையுறையால் அந்த நண்டை மூடி, என் விரலை விடுவித்து, கூடையில் போட்டார். கால் ஒன்றும் உடையவில்லை.

இதற்குப் பிறகும் கேட்டேன். கேட்காமல் விமானம் ஏறினால் எனக்குத் தூக்கம் வராது. "ஜெசிந்தா, இந்தக் கையுறை எனக்கு வேணும். பதிலுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

அவர் தயங்குவார், அப்பா நினைவு என்பார் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் இல்லை. "தாறன் ரீச்சர்" என்றார், கை நிற்காமலே. "இதைப் போல இன்னொண்டு தாங்கோ. புதுசோ பழசோ, அது பறுவாயில்லை. மூட வேணும். அவ்வளவுதான்."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றேன். "நான் விளையாடினது. நாற்பது வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன். ஒரு கீறல் கிடையாது."

"அப்ப என்ன, கொண்டு வாங்கோ. அண்டைக்கே இதைக் கொண்டு போங்கோ."

புறப்படும்போது ஒரு சின்னப் போத்தலில் சுறா எண்ணெய் கொடுத்தார், என் பீரோவில் இருப்பவற்றுக்குப் பூச. பெனடிக்ற்றின் மனைவி அதை மூன்று பிளாஸ்டிக் பைகளில் கட்டினார். எட்டுப் பந்தையும் கழகத்துக்கே கொடுத்துவிட்டேன். நான்கு நாளைக்கு முன்னால் எனக்கு முத்திரை குத்திய அதிகாரி போகும்போதும் இருந்தார். விளையாடினீர்களா என்று கேட்டார். கட்டுப் போட்ட பெருவிரலைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து, பயணச் சேலையைக்கூட மாற்றாமல், பீரோவைத் திறந்து என் கேட்சர் கையுறையை எடுத்தேன். அடுத்த மாதமே மன்னார் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே கையை நுழைத்தேன். மூடினேன். மூடவில்லை. மறு கையால் வெளியிலிருந்து அழுத்தினேன். உள்ளே எங்கோ, காய்ந்த சருகை மிதித்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பயந்து விட்டுவிட்டேன்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். நாற்பது வருடமாகத் தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த கையுறை. இப்போதுதான் பார்த்தேன். பூஜைக்கு முதல் நாள் போட்ட பழுப்பு ஷூ பாலிஷ், அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம், அடுத்த வருடம் மறுபடியும் பாலிஷ். நடுவில் சில வருடம் பளபளப்புக்காக வார்னிஷ்கூட அடித்தேன். எல்லாம் குழைந்து, காய்ந்து, ஓடு மாதிரி இறுகியிருந்தது. அதற்குள் தோல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பெனடிக்ற்றிடமிருந்து போன் வந்தது, சுகமாகப் போய்ச் சேர்ந்தேனா என்று கேட்டு. ஜெசிந்தா பக்கத்தில் நின்றிருக்கிறார். போனை வாங்கி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ரீச்சர், மூடுதோ?"

"இல்லை ஜெசிந்தா. மூடல" என்றேன். பிறகு போனை பெனடிக்ற்றிடம் கொடுக்கச் சொன்னேன். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அவரைக் கேட்ட அதே வாயால்தான் இதையும் சொல்ல வேண்டும்.

"பெனடிக்ற், நீங்க மூணு கோட் அடிச்சீங்க. நான் நாற்பது."

அவர் சிரித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"சிரட்டை ஒண்டு எடுங்கோ ரீச்சர்" என்றார் பெனடிக்ற், மெதுவாக. "விளிம்பில இருந்து தொடங்குங்கோ."